துணிக்கொடிக்கு எது ஏற்றது: நைலான் கயிறா, எஃகுக் கம்பியா, குழாயா?

மும்பையில் ஜூலை மாதம் துணி உலர்த்துவது ஒரு தனி வேலை. சாந்தாகுரூஸில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. முந்தாநாள் துவைத்தது ஈரம் போகாமல் கொடியிலேயே கிடக்க, நேற்றைய துணியும் இன்றைய துணியும் அதன்மேல் வந்து சேரும். மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் பால்கனியில், சுவருக்குச் சுவர் 3 மீட்டர் இடைவெளியில், 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி) ஒன்றை நான்தான் குறடால் முறுக்கி, தட்டினால் சுருதி கேட்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலையில் அது துணிகளோடு கீழே விழுந்தது. கம்பி அறவில்லை. ஒரு பக்கத்துக் கொக்கி, பிளாஸ்டிக் பிளக், ஒரு கைப்பிடி காரை எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து வந்திருந்தன. பிளக்கின் பற்களுக்கிடையில் செங்கல்தூள் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பியை எனக்கு விற்ற தாராவிக் கடை அண்ணாச்சி அன்றைக்கே, "கம்பி அறாது சார், செவுருதான் விடும்" என்று சொல்லித்தான் அளந்து கொடுத்தார். அதைக் கம்பிக்கான விளம்பரம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திடப்பொருள்களின் மீட்சிப்பண்பைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வரும் ஒருவன் அதை எச்சரிக்கை என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனவே புதிய கொடி கட்டுவதற்கு முன்னால், இந்த முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கடையில் கிடைப்பவை நைலான் கயிறு, வெற்றுக் கம்பி, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, எஸ்.எஸ். பைப் என்று எல்லோரும் சொல்லும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், அலுமினியக் குழாய் ஆகியவை. இவற்றோடு, மாட்டுங்காவின் பழைய வீடுகளில் மடித்துணி உலர்த்த உத்தரத்தை ஒட்டித் தொங்கவிட்டிருக்கும் மூங்கிலையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாளைய ஈரத்துணியைப் பெட்டி எடைபார்க்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்ததில் 10 கிலோ வந்தது. அதை 100 நியூட்டன் என்று வைத்துக்கொண்டு, கொடி முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் நன்றாக இழுபடும் பொருளைத்தான் மீட்சியுள்ளது என்கிறோம். ரப்பர்தான் உடனே நினைவுக்கு வரும். பாடப்புத்தகமோ ரப்பரைவிட எஃகுக்கே மீட்சி அதிகம் என்று சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இந்த இடத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்காமல் இருந்ததில்லை. அலகுப் பரப்பில் எழும் உள்விசை தகைவு. பழைய நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு நீண்டது என்பது திரிபு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது யங் குணகம். எஃகுக்கு அது சுமார் 200 ஜிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70, திண்மமான நைலானுக்கு 2 முதல் 4 வரை. (பாஸ்கல் என்பது தகைவுக்கும் இந்தக் குணகத்துக்கும் உரிய அலகு; மெகா என்றால் பத்து லட்சம், ஜிகா என்றால் நூறு கோடி.) ஒரே அளவு நீட்சியை உண்டாக்க எஃகுக்கு மிக அதிக விசை தேவைப்படுகிறது என்பதுதான் அந்தப் பாடப்புத்தக வாக்கியத்தின் பொருள். அதாவது விறைப்பு வேறு, அறுபடாமல் தாங்கும் வலிமை வேறு. கடையில் "ஸ்ட்ராங்" என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்துவிடுவதால்தான் என்னைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம்.

இரு முனைகளிலும் கட்டிய கம்பியில் துணியைப் போட்டால், தொய்வு இல்லாமல் அது எடையைத் தாங்கவே முடியாது. துணியின் எடை கீழ்நோக்கியது. கம்பியின் இழுவிசையோ கம்பியின் திசையில்தான் இருக்கும். முழுக்கக் கிடைமட்டமாக இருக்கும் கம்பிக்கு மேல்நோக்கிய கூறு என்று ஒன்று கிடையாது. ஆகவே அது சற்றாவது தொய்ந்து, அந்தச் சாய்வின் வழியாகத்தான் எடையை ஏற்க வேண்டும். சீராகப் பரவிய சுமைக்குக் கிடைமட்ட இழுவிசை, எடையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். நம் கொடியில் தொய்வு 30 செ.மீ. என்றால் ஒவ்வொரு கொக்கியையும் இழுக்கும் விசை 125 நியூட்டன், 10 செ.மீ. என்றால் 375; 5 செ.மீ. என்றால் 750. தொங்குவது பத்துக் கிலோதான், ஆனால் கொக்கியில் எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் சுவரை உதைத்துக்கொண்டு கிடைமட்டமாக இழுப்பதற்குச் சமமான விசை. நான் கம்பியை இறுக்க இறுக்கச் சுவரைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பொருள் எவ்வளவு தொய்யும் என்பதை அதன் விறைப்பு தீர்மானிக்கிறது. தொய்வதற்குக் கம்பி நீள வேண்டும், நீள்வதற்கு இழுவிசை வேண்டும், இழுவிசையோ தொய்வைப் பொறுத்தது. இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்தால் ஒரே ஒரு விடை கிடைக்கும். தொடக்கத்தில் இழுவிசை ஏதுமின்றி நேராகக் கட்டிய 2 மி.மீ. எஃகுக் கம்பி, 100 நியூட்டன் சுமைக்கு ஏறத்தாழ 5.9 செ.மீ. தொய்யும், அப்போது கொக்கியை இழுப்பது சுமார் 640 நியூட்டன். கம்பியின் தகைவு 200 மெகா பாஸ்கலைத் தொட்டிருக்கும். மென் எஃகு 250 மெகா பாஸ்கலை ஒட்டி மீட்சி எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், எனக்கு மிச்சமிருந்த இடைவெளி மிகக் குறுகியது. குறடால் முன்கூட்டியே முறுக்கியதில் அதையும் தின்றுவிட்டேன். இறுக்கிக் கட்டிய கம்பி இரண்டே மாதத்தில் மறுபடியும் தொங்குவதற்குக் காரணம் கொக்கி நகர்வது மட்டுமன்று, கம்பியே மீட்சி எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடுவதுமாகும். அதை இன்னொரு முறை இறுக்கும்போது அதே கதையை முதலிலிருந்து தொடங்குகிறோம்.

அப்படியானால் தடித்த கம்பி வாங்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. 4 மி.மீ. கம்பியின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கு. ஆனால் தொய்வு நான்கில் ஒரு பங்காகக் குறைவதில்லை. நான்கின் கனமூலத்தால் வகுபட்டு 3.7 செ.மீ. ஆகிறது. கம்பிக்குள் தகைவு 80 மெகா பாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும், கம்பிக்கு அது நல்ல செய்தி. கொக்கிக்கோ இழுவிசை 640-இலிருந்து ஆயிரத்துக்கும் மேலாக ஏறிவிடும். தடித்த கம்பி தன்னைக் காப்பாற்றிக்கொண்டு சுவரைக் கைவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் அண்ணாச்சியின் சொல் எனக்கு விளங்கியது.

பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பதற்கு 4 மி.மீ. தடிமன் இருக்கும், உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே மெல்லிய இழைதான். இழுவிசையில் ஏறத்தாழ முழுவதையும் அந்த இழையே சுமக்கிறது. உறையின் யங் குணகம் அதனோடு ஒப்பிட எதுவுமில்லை. வேட்டியில் துருக்கறை படியாது என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய முனையின் வழியே மழைநீரும் கடற்காற்றின் உப்பும் உள்ளே இறங்கினால், துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாமலேயே நடக்கும். வெற்றுக் கம்பியாவது தன் நோயைக் காட்டிவிடும்.

எஃகுக் கம்பி எதுவானாலும் அறும் இடம் பெரும்பாலும் கொக்கியருகேதான். 2 மி.மீ. கம்பியை 10 மி.மீ. ஆரமுள்ள கொக்கியில் சுற்றினால், அதன் வெளிப்புற இழை கிட்டத்தட்ட 9 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது. எஃகின் மீட்சிக்குட்பட்ட திரிபு ஒரு சதவீதத்தில் சிறு பகுதியே. கட்டும்போதே அந்த வளைவு நிரந்தர உருமாற்றத்துக்குள் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு முறை துணி போட்டு எடுக்கும்போதும் அதே இடம் சற்றே அசைந்து அசைந்து சோர்வடைகிறது. ஒரு கம்பித்துண்டைக் கையால் முன்னும் பின்னும் மடக்கி ஒடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி நைலான் கயிறு. முறுக்கியோ பின்னியோ செய்த கயிற்றில், இழைகள் நீள்வதற்கு முன் முறுக்கு இறுகி இடம்கொடுப்பதால், நடைமுறையில் அதன் விறைப்பு திண்ம நைலானைவிட நன்றாகக் குறையும். 6 மி.மீ. கயிற்றுக்கு அரை ஜிகா பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். கயிற்றுக்குக் கயிறு இது மாறும் என்றாலும் போக்கு தெளிவாகிவிடும். தொய்வு 21 செ.மீ., கொக்கியில் இழுவிசை 180 நியூட்டன். எஃகுக் கம்பியின் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விறைப்பு இல்லாமை என்று நாம் குறைசொல்லும் அதே குணம்தான் பழைய சுவருக்கு இரக்கம் காட்டுகிறது. யாராவது ஈரப் போர்வையைத் தூக்கி எறிவதுபோல் போட்டாலும், கயிறு தாராளமாக நீண்டு அந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. துணிகள் நடுப்பள்ளத்தை நோக்கிச் சறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்; மழைக்காலத்தில் குவிந்த துணி நாறும். கிளிப் போட்டால் இது பாதி தீரும். அதைவிடத் தொல்லையானது, சுமை கூடாமலேயே நாளாக நாளாகக் கயிறு நீண்டுகொண்டு போவது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி, விசை எவ்வளவோ நீட்சி அவ்வளவு என்கிறது; எவ்வளவு நேரம் தொங்கியது என்று அது கேட்பதே இல்லை. எஃகு சாதாரண வெப்பநிலையில் அந்த விதிக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டு நடக்கிறது. நைலானோ நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு அது ஈரத்தை உறிஞ்சும் பொருள்; ஈரம் ஏற ஏற விறைப்பு இறங்கும். மார்ச் மாதத்தில் சரியாகக் கட்டிய கயிறு ஜூலையில் தரையைப் பார்ப்பது இதனால்தான். மாதத்துக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டும் பொறுமை இருப்பவர்களுக்கே கயிறு.

இங்கே வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நைலான் என்று சொல்லி விற்கும் கயிறுகளில் பல பாலிபுரொப்பிலீனால் ஆனவை. ஒரு துண்டைக் குவளை நீரில் அழுத்திப் பிசைந்து, காற்றுக்குமிழ் போனபிறகு விட்டுப்பாருங்கள்: நைலான் மூழ்கும், மற்றது மிதக்கும். பாலிபுரொப்பிலீன் ஈரத்தை ஏற்காது, அந்த வகையில் மழைக்கு நல்லது. ஆனால் நேர்வெயிலில் சீக்கிரம் வெளிறி, தொட்டால் பொடி உதிரும் நிலைக்கு வந்துவிடும். உலர்ந்த துணியோடு அந்தத் தூளும் அலமாரிக்குப் போகும்.

குழாய் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு இனம். கம்பியும் கயிறும் இழுபட்டுச் சுமக்கின்றன; குழாய் வளைந்து சுமக்கிறது. இரு முனைகளிலும் தாங்கியின்மேல் சும்மா கிடக்கும் குழாய், பக்கவாட்டில் சுவரை இழுப்பதே இல்லை. 10 கிலோ துணிக்கு ஒவ்வொரு தாங்கியும் ஏற்பது கீழ்நோக்கி ஐந்து கிலோ, அதோடு குழாயின் எடையில் பாதி, அவ்வளவுதான். சுவரில் அடித்த பிளக் கீழ்நோக்கிய சுமையை எளிதாகத் தாங்கும். நேராக வெளியே இழுக்கும் விசைக்குத்தான் சீக்கிரம் தோற்கும். 640 நியூட்டன் பிடுங்கலையும் 50 நியூட்டன் பாரத்தையும் ஒரு தட்டில் வைத்துப் பேசவே கூடாது என்பது என் கருத்து.

வளைவில் பொருளின் யங் குணகத்தோடு அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதும் பேசும். 25 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. சுவர்த்தடிமனும் உள்ள எஃகுக் குழாயையும், அதே எடையுள்ள உலோகத்தை உருக்கிச் செய்த திண்மக் கம்பியையும் எடுத்துக்கொண்டால், கம்பியின் விட்டம் 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். குழாய் அதைவிட 12 மடங்கு வளைவை எதிர்க்கும். வளைவில் நடு அச்சுக்கு அருகிலிருக்கும் உலோகம் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து விளிம்புக்கு அனுப்பியதுதான் குழாயின் சாமர்த்தியம்.

அந்தக் குழாய் 3 மீட்டர் இடைவெளியில் 100 நியூட்டனுக்கு ஏறத்தாழ 3.2 செ.மீ. தொய்கிறது. அதே அளவுள்ள அலுமினியக் குழாய் 9 செ.மீ.க்கு மேல். இரண்டிலும் தகைவு ஒன்றே, சுமார் 86 மெகா பாஸ்கல். ஏனென்றால் தகைவைத் தீர்மானிப்பது வடிவமும் சுமையும்தான், பொருள் அன்று. எனவே அலுமினியம் முறிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை, தொங்கும் என்ற கவலைதான் உண்மையானது. எடை மூன்றில் ஒரு பங்கு என்பதால், கப்பி வைத்து ஏற்றியிறக்கும் தூக்குக்கொடிக்கு அலுமினியம் பொருந்தும்; ஆனால் அதை 2 மீட்டருக்கு மேல் போடாதீர்கள்.

எஸ்.எஸ். குழாயில் 202, 304 என்று தரங்களைச் சொல்வார்கள். காந்தத்தை வைத்து ஒட்டவில்லை பார் என்று காட்டும் விற்பனையாளர் எதையும் நிரூபிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டிலுமே ஒட்டாது. 304-இல் நிக்கல் அதிகம், கடற்காற்றில் துருவை நன்றாக எதிர்க்கும். மும்பைக்கு அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் விலையுயர்ந்த தரம் குறைவாகத் தொய்யும் என்று நினைத்து வாங்க வேண்டாம். எஃகின் வலிமை தரத்துக்குத் தரம் பல மடங்கு மாறும். யங் குணகம் கிட்டத்தட்ட அதே 200-ஐச் சுற்றித்தான் நிற்கும். தொய்வைக் குறைக்கச் செலவு செய்ய வேண்டிய இடம் விட்டத்திலும் நடுத்தாங்கியிலும்தான். நடுவில் கூரையிலிருந்து ஒரு தாங்கி இறக்கினால் இடைவெளி பாதி, ஒவ்வொரு பாதிக்கும் சுமை பாதி. தொய்வு பதினாறில் ஒரு பங்காக, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

மூங்கிலை நான் ஒரு பழைய பாசத்துக்காகத்தான் பட்டியலில் சேர்த்தேன். கணக்கு வேறு மாதிரி வந்தது. யங் குணகம் 15 ஜிகா பாஸ்கல் என்று கொண்டால், 35 மி.மீ. விட்டமும் 7 மி.மீ. சுவரும் உள்ள மூங்கில் கழி 3.7 செ.மீ. தொய்கிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழாயோடு தோளுக்குத் தோள் நிற்கிறது, எடையிலோ அதைவிடக் குறைவு. எஃகோடு ஒப்பிட்டால் பொருளாக அது பதின்மூன்றில் ஒரு பங்கு விறைப்புள்ளதுதான், ஆனால் இயற்கையே அதைக் குழாயாக வளர்த்துக் கொடுத்துவிட்டது. கூரைக்குக் கீழே, காற்றாடும் உள்ளறையில் மூங்கில் பல்லாண்டு உழைக்கும். சாரல் அடிக்கும் பால்கனியில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்து, கணுக்களுக்கிடையில் நெடுக வெடித்து, சேலை நூலை இழுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே மனமில்லாமல் அதை விலக்கினேன்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களும், தட்டினால் காரை உதிரும் சுவருள்ளவர்களும் 6 மி.மீ. கயிற்றையே வாங்கட்டும், அதை 20 அல்லது 25 செ.மீ. தொய்வுக்கு இடம்விட்டு உயரத்தில் கட்டட்டும், தொய்வைக் கண்டு வெட்கப்பட்டு இறுக்க வேண்டாம். கான்கிரீட் தூணோ உத்தரமோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் 304 தரக் குழாயும் நடுத்தாங்கியும். இறுக்கிய எஃகுக் கம்பியை, அந்தக் கொக்கிகள் கான்கிரீட்டில் இறங்கியிருந்தாலொழிய, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் பெயர்ந்த ஓட்டையைப் பூசி, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் எல் வடிவத் தாங்கி அடித்து, நடுவில் கூரைத் தளத்தில் ஒரு கொக்கி இறக்கிக் குழாய் போட்டாயிற்று. மழை விடாத வாரங்களுக்கென்று அதன் பின்னால் ஒரு நைலான் கயிறும் தாராளமாகத் தொங்குகிறது. பழைய ஜி.ஐ. கம்பியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தொட்டியில் வைத்த பாகல் அதைப் பிடித்துக்கொண்டு கிரில்வரை ஏறியிருக்கிறது.